நான் கட்டின இலை

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இலை கட்டுவது என்று ஒன்று உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, சோறு வைத்து, பருப்பும் நெய்யும் ஊற்றின பிறகு, பெண் வீட்டிலிருந்து ஒருத்தி பந்தியின் தலைமாட்டில் வந்து நின்று ஒரு விடுகதை போடுவாள். விடை சொல்கிற வரைக்கும் யாரும் இலையில் கை வைக்கக் கூடாது. இலையைக் கட்டியாயிற்று என்று அர்த்தம். விடை வந்துவிட்டால் கட்டு அவிழ்ந்தது. வராவிட்டால் "தோத்துட்டோம், அவுத்து வுடுங்க" என்று அவர்கள் கேட்க வேண்டும். கட்டினவளே எல்லார் காதிலும் விழும்படி விடையைச் சொல்லி அவிழ்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

குடிபாலாவிலிருந்து வெதுருகுப்பம் வரைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் இலை கட்டக் கூப்பிடுவது என்னைத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்கு எழுத்து குறைவு, மூன்றாவது வகுப்போடு சரி. இதைக்கூட ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவித்தான் எழுதுகிறேன். ஆனால் விடுகதை கட்ட எழுத்து எதற்கு? மாட்டுக் கழுத்திலிருந்து மணியைக் கழற்றுவது போலத்தான் அது. மணி போய்விட்டால் மாடு எங்கே மேய்கிறது என்று மற்றவனுக்குத் தெரியாது. ஆனால் மாடு மேய்ந்துகொண்டுதான் இருக்க வேண்டும். மாடே இல்லாமல் மணியைக் கழற்றிவிட்டேன் என்பது ஏமாற்று வேலை. நான் அப்படிச் செய்ததில்லை. பலமனேரில் ஒரு கல்யாணத்தில், "பாதாளத்துல படுத்துக்கினு அழறான், கரண்டு போனா கம்முனு ஆயிடறான்" என்று போட்டேன். மாப்பிள்ளையோடு படித்த இன்ஜினியர் பையன்கள் ஒரு பந்தி நிறைய உட்கார்ந்து விழித்தார்கள். அவர்கள் ஊர் நிலத்திலெல்லாம் இருக்கிற போர் மோட்டார்தான் அது. அப்பளம் நமத்துப் போகிற வரைக்கும் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அப்புறம் நான் அவிழ்த்துவிட்டபோது அந்தப் பந்தியே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக நான் எத்தனை மைல் வேண்டுமானாலும் பஸ் ஏறிப் போவேன்.

அப்படிப்பட்ட நான்தான் என் தம்பி மகள் கல்யாணத்தில் தலை குனிந்தேன்.

எனக்கு ஒரே தம்பி. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு சித்தூரில் அவன் வீட்டில்தான் இருக்கிறேன். குடிபாலா பக்கம் மாந்தோப்பு, கறவை மாடுகள், டவுனில் மாடி வீடு என்று நன்றாக வந்துவிட்டான். எல்லாம் அவன் உழைப்பு. அவனுடைய ஒரே மகளுக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்களுக்குப் புத்தூர் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கரும்பு நிலம்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பா தோப்பைப் பற்றி விசாரித்தபோது தம்பி, "முப்பாட்டன் காலத்துலருந்து நம்மளுது பயிர் வெக்கிற குடும்பம்தான் சம்பந்தி" என்றான். பயிர் வைத்த குடும்பம்தான். யாருடைய நிலத்தில் என்பதை அவன் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அதற்குள் தட்டு மாற்ற நேரமாகிவிட்டது.

சாப்பாடு முடிந்த பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பா கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு பேனாவால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி.

"இன்னாது அது, கட்டம் கட்டமா?" என்று கேட்டேன்.

"குறுக்கெழுத்து வதினா." சம்பந்தி வீட்டுப் பெண்களைத் தெலுங்கில் வதினா என்பார்கள், அண்ணி மாதிரி. "குறிப்பு குடுப்பாங்க. நாம சொல்லக் கண்டுபிடிச்சி கட்டத்துல போடணும்."

"ஒண்ணு சொல்லுங்க, பாக்கலாம்."

"இத பாருங்க. 'வெயிலில் பிறப்பான், எண்ணெயில் பெரியவன் ஆவான்.' நாலு எழுத்து. காலையிலருந்து..."

"வடகம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு விரல்விட்டு எண்ணி, எழுதி, மறுபடி என்னைப் பார்த்தார்.

"எப்படி வதினா?"

"மாடியில வடகம் பிழிஞ்சி, காக்கா ஓட்டிக்கினு ஒக்காந்தவளுக்குத் தெரியாதா? உங்க ஊட்லயும் யாராச்சும் ஒக்காந்துருப்பாங்க. நீங்க பேங்குல இருந்துருப்பீங்க."

உள்ளே இருந்து பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஏதோ பெரிய விஷயம் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்தி, "குறிப்பு கட்டறவனுக்கு ஒரே சட்டம்தான் வதினா. ஏமாத்தலாம். பொய் சொல்லக் கூடாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாடும் மணியும்தான் அது. இத்தனை வயதில் அதை யாரும் என்னிடம் திருப்பிச் சொன்னதில்லை.

மாப்பிள்ளையின் அப்பா, "அண்ணா, இந்த அம்மாதான் இலை கட்டறவங்களாம். கல்யாணத்துல கட்டட்டும், பாக்கலாம். எங்க அண்ணன் அவுக்காத முடிச்சே இல்ல, தெரியுமா?" என்றார்.

"கட்டுங்க வதினா," என்றார் பெரியப்பா. "நான் ஒக்காந்த பந்தி பசியோட எழுந்ததில்ல."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கல்யாண வேலை எவ்வளவோ கிடந்தது. பத்திரிகை வைக்கப் போனாலும், புடவைக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் என் மனம் ஒரு சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் ஊரில் உள்ள சொல்லையெல்லாம் கட்டத்தில் போட்டுப் பார்த்தவர். நுகத்தடி, கலப்பை என்றால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். செல்போன், லிஃப்ட் எல்லாம் பையன்களே சொல்லிவிடுவார்கள். பேப்பரிலும் வராத, பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தராத ஒரு சொல் வேண்டும். பொருள் உண்மையாக இருக்க வேண்டும், அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

ஒரு நாள் மாட்டுக்கொட்டாயில் தவிட்டு மூட்டையை எலி கடித்துவிட்டது என்று தம்பி பெண்சாதி கத்திக்கொண்டிருந்தாள். சுவர் ஓரத்தில் புது மண் சிந்தியிருந்தது. அதைப் பார்த்ததும் அந்தச் சொல் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. வளைநெல்.

எங்கள் அம்மாவின் சொல் அது. நைனாவும் அம்மாவும் வெதுருகுப்பம் பக்கத்தில் கூலிக்கு அறுப்பு அறுத்தார்கள். அறுப்பு முடிந்து, கட்டு ஏறி, தாள் மட்டும் நிற்கிற வயலில் எலி வளை தோண்டிக்கொள்ள நிலத்துக்காரர் விடுவார். எலி கதிரைக் கத்தரித்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்து வைத்திருக்கும். நைனா ஓட்டைப் பானையில் வைக்கோலைக் கொளுத்தி முன்வாசலில் புகை ஊதுவார். எலி வேறு பக்கம் மண்ணை முட்டிக்கொண்டு ஓடும். பிறகு அம்மா மண்டி போட்டு, முழங்கைக்கு மேல் வரைக்கும் கையை விட்டு, கதிர் கதிராக இழுத்துப் போடுவாள். நான் முறத்தில் ஏந்துவேன். தம்பி புளியமரத்துத் தூளியில் கிடப்பான். அந்த நெல்லை எத்தனை தண்ணீரில் அலசினாலும் கஞ்சியில் ஒரு நெடி இருக்கும். "வளைநெல்லு அப்படித்தான் இருக்கும், மூக்கப் புடிச்சிக்கினு துன்னு" என்பாள் அம்மா.

அந்தச் சொல் வந்ததும் எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்தது பேங்க்காரர் முகம்தான். தோற்றுப் போய்க் கண்ணாடியைக் கழற்றுகிற முகம். மாட்டுக்கொட்டாயில் நின்று தனியாகச் சிரித்தேன். யாருக்கும் தெரியாத சொல் கிடைத்துவிட்டது என்று சிரித்தேனே தவிர, அது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அவர்கள் தோற்றால் அவிழ்க்க வேண்டியவள் நான்தான் என்பதும், அவிழ்ப்பது என்றால் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வது என்பதும் இத்தனை வருஷம் இலை கட்டினவளுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு உறைக்கவில்லை.

விடுகதை நன்றாக அமைந்தது. அதை இன்றைக்கும் சொல்வேன். இப்படி:

விதைக்காதவன் ஊட்டுல வெளிச்சமில்லாக் குதிரு,
முன்வாசல்ல பொகை வந்தா பின்வாசல்ல ஓட்டம்,
அறுத்துப் போட்டவளே மண்டி போட்டு வாங்கித் துன்னா.

கல்யாணம் திருப்பதியில், அலிபிரி போகிற ரோட்டில் ஒரு மண்டபத்தில். அரக்கு நிறப் பட்டு கட்டிக்கொண்டேன். முதல் பந்தி உட்கார்ந்தது. நடு வரிசையில் பெரியப்பா, சட்டைப் பையில் பேனா. யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். வீடியோக்காரன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தான். நான் ஒரு முறை சொன்னேன். பிறகு நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை சொன்னேன்.

"தேன்கூடு!" என்றான் ஒருவன்.

"தேனீ எங்கடா பின்வாசல்ல ஓடுது? ஒக்காரு."

"அத்தம்மா, மேல கோயில் உண்டியலா?" என்றது ஒரு பெண் குரல். மண்டபம் சிரித்தது.

"உண்டியல்ல பொகை போட்டியான்னா உன்ன உள்ள வெச்சிடுவாங்க."

"ஏடிஎம்மு!"

"மண்டி போட்டாதான் உனுக்கு ஏடிஎம்முல வருதா? பாவம்."

எல்லாரும் கத்தினார்கள். பெரியப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பேனா மூடியால் இலை ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பருப்பில் நெய் உறைந்தது. ஒரு குழந்தை வடையை எடுத்துவிட, அதன் அம்மா கையில் தட்டினாள். சமையல்காரர் கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு உள்ளே குளிர்ந்து போயிருந்தது. ஜெயித்துவிட்டேன்.

பெரியப்பா கண்ணைத் திறந்து கையை விரித்தார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று கும்பிட்டு, "தோத்துட்டோம் வதினா. அவுத்து வுடுங்க, பசிக்குது" என்றார்.

மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் பந்தியைப் பார்த்தேன். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா, கழுத்து நிறைய நகையோடு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. பந்தியின் கோடியில் மாலையோடு எங்கள் பெண், தன் அத்தை ஜெயித்த பூரிப்பில் மாப்பிள்ளையை முழங்கையால் இடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு தம்பி. அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. தலையை மட்டும் மெல்ல, இல்லை என்று ஆட்டினான்.

"எறும்புப் புத்து" என்றேன்.

மைக்கில் அது நன்றாகத்தான் கேட்டது. கை தட்டினார்கள். "ஆமாண்டா, எறும்பு விதைக்குதா இன்னா, சரிதான்" என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் சோற்றைப் பிசைந்தார்கள். என் வாயால் மாடில்லாமல் மணியைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா கை தட்டவில்லை. இலையில் கையும் வைக்கவில்லை. நான் பக்கத்தில் போய், "சாப்பிடுங்க, ஆறிப் போச்சி" என்றேன்.

"எறும்புக்கு ஏது வதினா பின்வாசல்? மண்டி போட்டது யாரு?" கோபமாக இல்லை, கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பது போலத்தான் கேட்டார். "விடை அது இல்ல. என் இலை அவுரல."

"வெளையாட்டுதானே..."

"வெளையாட்டுன்னாதான் சட்டம் சரியா இருக்கணும். மோர் குடுங்க. மோர் தம்ளர்ல வரும், இலையில சேர்த்தியில்ல."

மோரைக் குடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் சாப்பிடாமல் எழுந்தார் என்றால் பெண் வீட்டாருக்கு அதைவிட அவமானம் இல்லை. அவருக்கு வயிறு சரியில்லை என்று தம்பி எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்தான்.

சித்தூர் திரும்பின பிறகு அவன் என் அறைக்கு வந்தான். கதவோரத்திலேயே நின்றான்.

"அக்கா, ஊர்ல வேற விடுகதையே இல்லியா? அது எதுக்குக்கா?"

"அவுரு தோக்கணும்னு..."

"அவுரு தோக்கறதுக்கு அம்மாவ எதுக்கு பந்தியில கூட்டிக்கினு வந்து நிறுத்தின?"

அவன் தூளியில் கிடந்தவன். ஆனால் அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவன். எதையும் மறக்கவில்லை. மறைத்து வைத்திருந்தான், அவ்வளவுதான். "எம் பொண்ணு அந்த ஊட்ல பேரோட இருக்கணும். நீ வாயத் தெறக்காத. அந்த ஆளு மறந்துடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஆள் மறக்கவில்லை. மறுநாள் காலையிலேயே என் சின்ன போன் அடித்தது.

"வதினா, நான்தான். ஆமையா?"

"ஆமை எங்க பொகையில ஓடுது?"

"அதான் நானும் பாத்தேன். சரே, வெச்சிடறேன்."

சாயங்காலம் மறுபடி. "பாம்புப் புத்தா?"

"பாம்பு நெல்லு துன்னுமா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நெல்லா! குதிருன்னீங்களே, நெல்லுதான். சந்தோஷம் வதினா." வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள், "எத்தனை எழுத்து?" என்று கேட்டார். எழுத்துக் கணக்கு எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று, மடியில் விரலை மடக்கி எண்ணி, "நாலு" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் முணுமுணுத்துக்கொண்டே எண்ணுவது கேட்டது. "எறும்புப் புத்துக்கு அதுக்கு மேலயே வருதே வதினா" என்றார் மெதுவாக.

அதோடு நான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். அந்த வீடியோ வேறு ஒவ்வொரு போனாகப் போய்க்கொண்டிருந்தது. பால் வாங்கிப் போக வந்தவன்கூட, "சூப்பர் ஆயா, எறும்புப் புத்து! எங்க ஊட்ல யாருக்கும் தெரில" என்றான். முன்பெல்லாம் இப்படி ஒருவன் சொன்னால் அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்காது. இப்போது கெட்டுப்போன பண்டத்தை வாங்கிப் போனவன் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறாற்போல் இருந்தது.

மறுவீட்டு விருந்துக்கு அவர்கள் எல்லாரும் சித்தூர் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து இலை போட்டோம். மாப்பிள்ளை, அவன் அப்பா அம்மா, பெரியப்பா, இன்னும் நாலைந்து பேர். தம்பியே குனிந்து குனிந்து பரிமாறினான். அன்றைக்கு நான் இலை கட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கதவோரம் நின்றேன். எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். பெரியப்பா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இன்னுமா அது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பழைய கட்டே அவுரலடா." பிறகு என் பக்கம் திரும்பினார். "வதினா, எலி."

தம்பியின் கரண்டி வாளி விளிம்பில் இடித்தது.

"எலி வளை. நேத்து கரும்பு நிலத்துக்குப் போயிருந்தேன். வரப்புல பாத்தேன். விதைக்காதவன், சரி. வெளிச்சமில்லாக் குதிரு, சரி. பொகை, பின்வாசல், எல்லாம் ஒக்காந்துடுச்சி. எலி வளையில இருக்கற ஏதோ ஒண்ணுதான் விடை, அதுக்கு ஒரு பேரு இருக்கணும், நாலு எழுத்து. அது எனக்குத் தெரில. ஆனா வதினா, கோச்சிக்காதீங்க, கடைசி அடி ஒக்காரல."

"எது ஒக்காரல?" என்றேன்.

"அறுத்துப் போட்டவ எதுக்கு எலிகிட்ட போய் மண்டி போடணும்? அவதான் நெல்லு அறுத்தவளாச்சே. அவ ஊட்ல நெல்லு இருக்குமே. எலி எச்சில எவ துன்னுவா?" அவர் கேலி செய்யவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. "ரெண்டு அடி அவ்வளவு அழகா கட்டிட்டு மூணாவதுல சறுக்கிட்டீங்க. அத மட்டும் எடுத்துட்டா..."

சறுக்கிவிட்டீர்கள் என்றார். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எந்த அடியும் சறுக்கல," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கடைசி அடிதான் அதுல உசுரு. அறுத்தவ ஊட்ல நெல்லு இருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது? அறுக்கறவ ஒருத்தி, ஊட்டுக்குக் கொண்டு போறவன் ஒருத்தன். கூலி நெல்லு ஒரு மாசத்துக்குக்கூட வராது. எங்க அம்மா அறுத்துப் போட்ட வயல்லயே மண்டி போட்டு எலி வளையில கைய வுட்டு எடுத்தா. நான் மொறத்துல புடிச்சேன். அதக் கஞ்சி வெச்சித் துன்னோம். இவனும் துன்னான். வளைநெல்லுன்னு பேரு. நாலு எழுத்து. எண்ணிப் பாத்துக்குங்க."

அவர் எண்ணினார். பழக்கம் விடாது போல. கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டே போனார். "வளைநெல்" என்று ஒரு முறை மெல்லச் சொன்னார். முகம் மலர்ந்தது. "ஒக்காந்துடுச்சி வதினா. எல்லாம் ஒக்காந்துடுச்சி" என்றார். சொன்ன பிறகுதான், நான் என்ன சொன்னேன் என்பது அவருக்கு எட்டியது. மலர்ந்த முகம் அப்படியே இறங்கிற்று. ஆறிப்போன சோற்றில் கை வைத்தார். இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் பெண்ணைப் பார்த்து, "தண்ணி குடும்மா" என்றாள். செம்பு அவள் பக்கத்திலேயே இருந்தது. தம்பி வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவன் வெளியே வரவில்லை. அந்த வாளியை எங்கள் பெண் எடுத்துக்கொண்டு மிச்ச இலைகளுக்கு ஊற்றினாள். என் பக்கத்தில் வந்தபோது, "அத்தை, இது எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். நான் ரசம் கொண்டுவரப் போகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா எல்லாரிடமும் முறையாகச் சொல்லிக்கொண்டாள். குங்குமம் எடுத்துக்கொண்டாள். நிச்சயத்தின் போது "நம்ம ஊட்டுக்கு வந்து பத்து நாள் இருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள், இந்தத் தடவை "வரோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அது அதனாலா, வெயிலாலா, எனக்குத் தெரியாது. எங்கள் பெண் போனில் நன்றாகத்தான் பேசுகிறாள். தம்பி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அதோடு சரி.

சொந்தக்காரப் பெண்கள் சிலர் என்னைப் பாராட்டினார்கள். தைரியமாகச் சொன்னாயாமே, அம்மா பேரைக் காப்பாற்றினாயாமே என்றார்கள். அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். நான் அம்மாவுக்காகச் சொல்லவில்லை. மண்டபத்தில் அவள் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் எறும்பைச் சொன்னவள் நான். சித்தூரில் வாயைத் திறந்தது, என் அடி சறுக்கிவிட்டது என்று ஒருவர் சொன்னதற்காக. எலி எச்சில் என்று அவர் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு சுடவில்லை. என் கட்டு தப்பு என்றதுதான் சுட்டது.

போன வாரம் பெரியப்பா கூப்பிட்டார். ரொம்ப நேரம் உடம்பு, மழை என்று பேசினார். அப்புறம் தயங்கிக்கொண்டே, "வதினா, நான் சும்மா ஊட்லயே ஒரு குறுக்கெழுத்து கட்டிக்கினு இருக்கேன். அதுல அந்தச் சொல்ல வெக்கலாமா?" என்று கேட்டார்.

"குறிப்பு இன்னா போடுவீங்க?"

"உங்க கடைசி அடி மட்டும் போதும்."

எடுத்துவிடச் சொன்ன அடி அது. எனக்குள் பழையபடி அந்தக் குளிர்ச்சி வந்தது, ஜெயித்த குளிர்ச்சி. வந்த உடனே வெட்கமாகப் போயிற்று. அது என் சொல் இல்லை, கொடுக்கவோ மறுக்கவோ எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

அம்மாவின் சொல் அது. அவளை இரண்டு பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டிலும் நிறுத்தியே வைத்தேன். உட்காரம்மா என்று சொல்லவில்லை.